கூடவே வந்த வரி

2021 ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பர்மிங்ஹாமிலிருந்து அக்கா மகன் அழைத்தான். அங்கே அப்போது மதியம். வேலை நேரத்தில் அவன் அழைக்கும் வழக்கமில்லை.

"மாமா, சாமான் வந்துடுச்சு. ஆனா வரி பில்லைப் பார்த்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்தினான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "நீங்கதானே மாமா சொன்னீங்க, இனிமே அந்த வரி இருக்காதுன்னு" என்றான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். நான்கு வருடங்களாக எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயம் இது.

நான் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பத்திரங்கள் பார்க்கும் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவன். சுங்கப் பாரம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் எல்லாம் என் கையில் புரண்டவை. குடும்பத்தில் யாராவது வெளிநாட்டிலிருந்து ஏதாவது வரவழைத்தால் என்னைத்தான் கேட்பார்கள். படிக்கப் போன இடத்திலேயே தங்கி, நண்பன் ஒருவனோடு சிறிய சைக்கிள் கடை வைத்திருந்த மருமகனும் 2020 செப்டம்பரில் அப்படித்தான் கேட்டான்.

"சீனாவிலேர்ந்து நேரடியா மின்சைக்கிள் எடுக்கலாம்னு பார்க்கிறோம். ஐரோப்பாவுல அதுக்குப் பெரிய வரி இருக்கு. டிசம்பர் 31-ஓட பிரிட்டன் முழுசா வெளியே வந்துடுது. ஜனவரியில சாமான் வந்தா அந்த வரி போயிடும்ல மாமா?"

நான் யோசிக்கவே இல்லை. "பிரசல்ஸ் போட்ட வரி பிரசல்ஸோட. நீ தைரியமா எடு" என்றேன்.

நாற்பது மின்சைக்கிள்கள், ஒன்று 500 பவுண்டு. 20,000 பவுண்டுக்குச் சரக்கு. வீடு வாங்க முன்பணமாக அவனும் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணம் அது. ஜனவரியில் கொள்கலன் பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்கியது. வழக்கமான 6 விழுக்காட்டு சுங்க வரி போக, இன்னொரு வரி 79.3 விழுக்காடு. அது மட்டும் 15,860 பவுண்டு. நம் கணக்கில் எண்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல்.

வரி போகவில்லை. பிரிட்டன் வீடு மாறியபோது சாமான்களோடு அதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தது.

இது என்ன வரி? துறைமுகத்தில் நாங்கள் 'எண்டி-டம்பிங்' என்போம். தமிழில் பொருள் குவிப்புத் தடுப்பு வரி எனலாம். ஒரு நிறுவனம் தன் சொந்த நாட்டில் 100 வெள்ளிக்கு விற்கும் பொருளை, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 60 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது குவிப்பு. மலிவாக விற்பது மட்டுமே குற்றமில்லை. சொந்தச் சந்தை விலையைவிடக் குறைத்து வெளியே விற்க வேண்டும், அதனால் வாங்கும் நாட்டின் உற்பத்தியாளருக்குக் கணிசமான பாதிப்பு வர வேண்டும், அந்தப் பாதிப்புக்கு இந்த விலைதான் காரணம் என்றும் காட்ட வேண்டும். இந்த மூன்றும் நிரூபணமானால்தான் கூடுதல் வரி போடலாம் என்பது உலக வர்த்தக நிறுவனத்தின் விதி. பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மறுபடி ஆராய வேண்டும். இல்லையென்றால் காலாவதியாகிவிடும்.

புதிய யோசனையும் இல்லை. இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த நாடு கனடா, 1904-ல். நம் மலேசியாவுக்கும் 1993-லிருந்து சட்டம் இருக்கிறது. முதலீடு, வாணிப, தொழில் அமைச்சான மிட்டி விசாரிக்கும், சுங்கத்துறை வசூலிக்கும். சிங்கப்பூரிலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு.

மின்சைக்கிளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜனவரியில் இதைப் போட்டது. சீன அரசு கொடுக்கும் மானியத்தைச் சமன்செய்ய இன்னொரு வரியையும் அதோடு சேர்த்தது. இரண்டும் சேர்ந்து தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை 18.8 விழுக்காட்டிலிருந்து 79.3 விழுக்காடு வரை. அப்போது பிரிட்டனும் ஒன்றியத்துக்குள் இருந்ததால் அங்கும் அதே வரி.

இனி, நான் எங்கே தவறினேன் என்பதைச் சொல்கிறேன்.

பிரிட்டனுக்கு இந்த வேலை முன்பே தெரிந்ததுதான். 1957-லேயே அவர்களுக்குத் தனியாக ஒரு சட்டம் இருந்தது. 1973-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு அந்த அதிகாரம் பிரசல்ஸுக்குப் போய்விட்டது. விசாரிப்பதும் விகிதம் நிர்ணயிப்பதும் அங்கே. ஏறத்தாழ 47 ஆண்டுகள் லண்டனில் இதற்கென்று ஓர் அலுவலகம் தேவைப்படவில்லை.

பிரிந்து போக முடிவெடுத்ததும் கேள்வி வந்தது. ஒன்றியம் போட்டிருக்கும் இந்த வரிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே இரவில் கைவிட்டால், அதுவரை அந்த வரியை நம்பி ஓடிய ஆலைகளின் கதி என்ன? எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டால், பிரிட்டனில் யாருமே தயாரிக்காத பொருளுக்கும் மக்கள் வீணாகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். தாய்லாந்திலிருந்து வரும் டின் சோளத்துக்கு ஐரோப்பாவில் 2007-லிருந்து இந்த வரி உண்டு. ஐரோப்பாவில் சோளத்தை டின்னில் அடைக்கும் ஆலைகளைக் காக்கப் போட்டது. பிரிட்டனில் அப்படி ஓர் ஆலை இல்லாவிட்டால் அந்த வரியால் யாருக்கு லாபம்? லண்டனில் குழந்தைக்குச் சோள சூப் வைக்கும் அம்மாவுக்கு நட்டம், அவ்வளவுதான்.

ஆகவே அரசு ஒரு சல்லடை வைத்தது. 2017 நவம்பரில் உற்பத்தியாளர்களை அழைத்து, "எந்த வரி உங்களுக்கு வேண்டும், வந்து சொல்லுங்கள்" என்று கேட்டது. மூன்று சோதனைகள். பிரிட்டனில் அந்தப் பொருளைத் தயாரிப்பவர்கள் கேட்க வேண்டும். கேட்பவர்களுக்குப் போதுமான அளவு மற்ற உற்பத்தியாளர்களின் ஆதரவு இருக்க வேண்டும். உள்நாட்டுச் சந்தையில் அவர்கள் பங்கு 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். தேறியவை தங்கின. மற்றவை விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் தங்கியவை நாற்பதுக்குச் சற்று அதிகம். இரும்புக் குழாய், கட்டடக் கம்பி, தரை ஓடு, சைக்கிள், மின்சைக்கிள் எல்லாம் தங்கிய பட்டியலில்.

இந்தப் பட்டியலை ஒளித்து வைக்கவில்லை. அரசே வெளியிட்டிருந்தது. நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை. இருபது வருட அனுபவம் இருக்கிறதே என்ற நினைப்பில் வாயால் பதில் சொன்னேன். அனுபவம் சில நேரம் கண்ணை மறைக்கிறது.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. இந்த வரியில் பெயர் சொல்லப்பட்ட தொழிற்சாலைகளுக்குக் குறைந்த விகிதம் உண்டு. ஆனால் அதைப் பெற, "இதை இந்தத் தொழிற்சாலைதான் தயாரித்தது" என்று கையெழுத்திட்ட உறுதிமொழி இன்வாய்ஸில் இருக்க வேண்டும். மருமகன் வாங்கியது ஓர் இடைத்தரகரிடம். இன்வாய்ஸில் தரகரின் பெயர்தான் இருந்தது. தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால் உச்ச விகிதம், 79.3. இதைச் சொல்லித்தர வேண்டியது என் தொழில். நான் கேட்கவே இல்லை.

ஒரு சைக்கிளுக்கு இது எப்படி ஏறுகிறது பாருங்கள். கப்பல் கூலியும் சேர்த்து 500 பவுண்டு. சுங்க வரி 30. இந்தக் கூடுதல் வரி 396.50. கூட்டினால் 926.50. அதன் மேல் 20 விழுக்காடு விற்பனை வரி, 185.30. மொத்தம் 1,111.80 பவுண்டு. கூடுதல் வரி இல்லாவிட்டால் அதே சைக்கிள் 636 பவுண்டு. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்கும் கடைக்காரர் லாபம் இன்னும் சேரவில்லை.

அந்த நாற்பது சைக்கிள்களையும் அவன் விற்று முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. லாபம் இல்லை. வீடு வாங்கும் பேச்சு நின்றுபோனது. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியை அவனுக்கு அனுப்பப் பார்த்தேன். "வேணாம் மாமா, நானும் பார்த்திருக்கணும்" என்று மறுத்துவிட்டான்.

கோபத்தில் இருந்த நாட்களில் இந்த வரியே அநியாயம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அப்பாவின் நினைவு வந்தது.

எங்கள் அப்பா தோட்டத்தில் ராலே சைக்கிள் வைத்திருந்தார். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போவதும், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார்த்திப் பட்டணத்துக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். முன்பக்கப் பட்டயத்தில் 'நாட்டிங்ஹாம், இங்கிலாந்து' என்று இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க நான் பழகியதே அதில்தான். அந்த நாட்டிங்ஹாம் ஆலை 2002-ல் மூடப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். மலிவான சைக்கிளை நாம் எல்லோரும் விரும்பினோம். அந்த விலையை வேறு யாரோ கட்டினார்கள்.

சாதாரணச் சைக்கிளுக்கு அப்போதே வரி இருந்தது. 1993-லிருந்து சீனச் சைக்கிளுக்கு ஐரோப்பா இந்த வரியை வைத்திருக்கிறது. அது 48.5 விழுக்காடு வரை ஏறியது. வரி போட்டும் நாட்டிங்ஹாம் பிழைக்கவில்லை. ஆகவே வரி இருந்தால் ஆலை வாழும் என்றும் சொல்ல முடியாது. வரி நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தில் ஆலை என்ன செய்கிறது என்பதில்தான் மிச்சமெல்லாம்.

நம் நாட்டையும் அந்தச் சைக்கிள் வரி தொட்டிருக்கிறது. சீனாவில் செய்த பாகங்கள் வேறு நாட்டில் பூட்டப்பட்டு, அந்த நாட்டுச் சைக்கிளாக ஐரோப்பாவுக்குள் நுழைகின்றன என்று சொல்லி, 2013-ல் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து அனுப்பப்படும் சைக்கிள்களுக்கும் ஐரோப்பா அதை நீட்டித்தது. நேர்மையாகச் சொந்தமாகச் செய்பவர்கள் தனியே விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டியிருந்தது. மாட்டோடு சேர்ந்த வைக்கோலும் கயிற்றில் கட்டுப்பட்ட கதை.

சரி, பிரிட்டனுக்குத் திரும்புவோம். வரிகளைக் கொண்டுவந்ததோடு வேலை முடியவில்லை. அவை 28 நாடுகளின் தொழிலைக் கணக்கிட்டுப் போட்ட வரிகள். ஸ்பெயின் ஆலைக்கும் போலந்து ஆலைக்கும் வந்த பாதிப்பை வைத்து, பிரிட்டன் மட்டும் தனியாக எத்தனை நாள் வரி வசூலிக்க முடியும்? எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. முதலில் வர்த்தகத் துறைக்குள்ளேயே ஒரு பிரிவு அதைச் செய்தது. 2021 ஜூன் 1-ல் வர்த்தகத் தீர்வு ஆணையம் தனி அமைப்பாகத் தொடங்கியது. ரெடிங் நகரில் அலுவலகம்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் எளியவை. வரியை எடுத்தால் மறுபடி குவிப்பு நடக்குமா? நடந்தால் பிரிட்டன் உற்பத்தியாளருக்குப் பாதிப்பு வருமா? இவை இரண்டுக்கும் ஆம் என்றாலும், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த வரி நாட்டின் பொருளாதாரத்துக்கு மொத்தத்தில் நல்லதா? ஆலைக்காரர், இறக்குமதி செய்பவர், அந்தப் பொருளை வைத்து வேறொன்று செய்பவர், கடையில் வாங்குபவர் எல்லோரையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்குபவனுக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது.

ஆணையம் பரிந்துரைக்கும், முடிவெடுப்பது அமைச்சர். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எஃகுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகைக் காப்பு வரி இருந்தது. அதையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். 2021-ல் 19 வகை எஃகில் 9 வகைக்கு அதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரை வந்தது. எஃகு ஆலைகள் கொதித்தன. அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்து, அவற்றில் சிலவற்றுக்கு வரியை நீட்டித்தது.

மின்சைக்கிள் முறை வந்தபோது மருமகனை அழைத்தேன். "இந்தத் தடவை நாம பேசணும்டா" என்றேன். கடைக்காரர்களும் இறக்குமதியாளர்களும் அதில் பதிவு செய்துகொண்டு கருத்துச் சொல்லலாம். கேள்விப் பட்டியல் நீளம். கொள்முதல் விலை, விற்பனை விலை, எத்தனை விற்றது, யாரிடம் வாங்கியது, எல்லாம் கேட்பார்கள். ஒரே பதிலை இரண்டு விதமாகத் தர வேண்டும். ஒன்று ரகசியம், ஆணையத்துக்கு மட்டும். மற்றொன்று எண்களை மறைத்து, எல்லோரும் படிக்கப் பொதுக் கோப்பில் வைப்பது.

நானும் அவனும் வீடியோவில் உட்கார்ந்து நிரப்பினோம். இங்கே இரவு பதினொன்று, அங்கே பிற்பகல். கணக்கில் அந்த நாற்பது சைக்கிள்கள் வந்த வரி வந்தபோது இருவரும் பேசவில்லை. எண்ணை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

2025 பிப்ரவரியில் முடிவு வந்தது. மடக்க முடியாத மின்சைக்கிளுக்கு வரி நீங்கியது. மடக்கு மின்சைக்கிளுக்கு மட்டும் 2029 வரை தொடர்கிறது. காரணம் தெளிவானது. மடக்கு சைக்கிளை லண்டன் கிரீன்போர்டில் பிராம்டன் நிறுவனம் இன்றும் செய்கிறது. காப்பாற்ற அங்கே ஒரு தொழில் இருக்கிறது. மற்ற வகையில், வரியால் ஆலைகளுக்கு வரும் பலனைவிட வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஏற்படும் சுமையே அதிகம் என்று கணக்கு காட்டியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஐரோப்பா இரண்டு வகைக்கும் வரியை இன்னும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்திருந்தது. ஒரே வரி ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டது. நான்கு வருடங்களில் அவை வெவ்வேறு முகத்தோடு நிற்கின்றன.

எங்கள் பாரம் அந்த முடிவை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். தராசில் ஒரு கடுகு விழுந்திருக்கும். 2021-ல் கட்டிய பணமும் திரும்பவில்லை.

வணிகம் தொடங்கும் இளையவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2024 டிசம்பர் 15 முதல் பிரிட்டனும் சிபிடிபிபி ஒப்பந்தத்தில் நம்மோடு இருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் ஏற்கெனவே உள்ளே. பல பொருள்களுக்குச் சுங்க வரி குறைகிறது, பூஜ்யமாகிறது என்று விளம்பரங்களில் படிப்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் வரி பூஜ்யம் என்றாலும் குவிப்புத் தடுப்பு வரி தனியாக நிற்கும். இரண்டும் வெவ்வேறு ஏடு. பணம் கட்டுமுன் இரண்டாவது ஏட்டையும் பாருங்கள். பொருளின் சுங்க எண், அது பிறந்த நாடு, அதைச் செய்த தொழிற்சாலை, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அந்த நாட்டு அரசின் பட்டியலில் தேடுங்கள். மாமா சொன்னார் என்று எடுக்காதீர்கள்.

பிப்ரவரி முடிவு வந்த அன்று மருமகன் அழைத்தான். கடையில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"மாமா, மறுபடி சீனாவிலேர்ந்து எடுக்கலாம்னு இருக்கோம். மடக்காத வகை மட்டும்."

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "நல்லா பார்த்துட்டியாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"அறிவிப்பை மூணு தடவை படிச்சுட்டேன் மாமா. இன்வாய்ஸுல ஆலை பேரும் கேட்டு வாங்கிட்டேன். உங்களுக்கும் அனுப்பியிருக்கேன். நீங்களும் ஒரு தடவை படிங்க."

கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.